நாலு மணிக் கதவு

கஃபர் சிந்தியான்
அக்டோபர் கடைசிப் புதன்

அன்புள்ள அய்ஹம் அண்ணாவுக்கு,

அரீஜ் எழுதுகிறேன். உன் மேல் சமாதானம் உண்டாகட்டும். இந்த வாரம் இந்தச் சொல்லை நான் வேறு யாருக்கும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு உதட்டை மட்டும் அசைத்தேன்.

போனில் நீ அழுகிறாய், நான் அழுகிறேன், உம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். யாரும் எதையும் சொல்லி முடிப்பதில்லை. அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். ருமேனியாவில் இப்போதே குளிர் தொடங்கியிருக்கும். பாபாவின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை உனக்கு அனுப்ப உம்மா எடுத்து வைத்திருக்கிறாள். அதில் இன்னும் கொய்யா வாசம் இருக்கிறது. துவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நீ மருத்துவம் படிக்கிறவன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் பிடிக்கும். வரிசையாகவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. கொய்யா பறிக்கப் பாபாவோடு ராணுவ வேலிக்கு அப்பால் இருக்கும் நம் தோட்டத்துக்குப் போனேன். காலையில் வேலிக் கதவு திறந்தபோது யோதம் என்கிற சிப்பாய் நின்றான். மற்ற சிப்பாய்கள் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வயது உன்னைவிடக் குறைவு. முகப்பரு இன்னும் ஆறவில்லை. நம் அனுமதிச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். பாபா சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை.

அது எந்தச் சனிக்கிழமை என்று உனக்குத் தெரியும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கும் குளிர்கால மணிக்கு நம் அரசு ஒரு நாள் முன்னால் மாறுகிறது, அந்தச் சிப்பாய்களின் அரசு மறுநாள்தான் மாறுகிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள் நமக்கு மூன்று மணி என்றால் அவர்களுக்கு நாலு மணி. கதவு அவர்கள் மணிக்குத்தான் திறக்கும்: மாலை நாலிலிருந்து நாலு இருபது வரை. அதை விட்டால் மறுநாள் காலை.

நாங்கள் கதவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. ஐந்தே நிமிஷம், அண்ணா. சிப்பாய்களின் வண்டி இன்னும் கிளம்பவில்லை. நான் கத்தினேன். பாபா கொய்யாக் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஓடி வந்தார். யோதம் திரும்பிப் பார்த்தான். இடது கையை உயர்த்தி, வலது கை விரலால் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். இரண்டு தட்டு. வண்டி போய்விட்டது.

பாபா கூடையை மெதுவாக இறக்கி வைத்தார், பழம் நசுங்கக் கூடாதென்று. பிறகு உட்கார்ந்தார். நெஞ்சைத் தொடவில்லை, என் கையைத்தான் பிடித்துக்கொண்டார். நம் பக்கத்து ஆம்புலன்ஸ் கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், முப்பது அடி தூரத்தில் நின்றது. கதவைத் திறக்க அனுமதி வர ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அப்போது பாபாவுக்கு அவசரம் எதுவும் இல்லை.

ஊரில் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசுகிறார்கள். "முப்பது வருஷம் நிலம் அளந்த மனுஷன், அங்குலம் தப்பாத ஆளு, ஒரு மணி நேரத்த மறந்துட்டாரே" என்கிறார்கள். உம்மாவும் அதையே சொல்லி அழுகிறாள். நான் பதில் பேசுவதில்லை.

என் பேச்சு உன்னிடம்தான். நம் ஊர் வழக்கப்படி இந்த இரத்தத்துக்கு உரியவன் நீ, மூத்த மகன். கொன்றவனின் ஆட்கள் பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். அவர்கள் முன்னால் காபி வைக்கப்படும். நாம் "குடிங்க" என்று சொல்லும்வரை அவர்கள் தொடக் கூடாது. யோதமுக்காக யார் வருவார்கள்? அவனுக்கு ஒரு அரசாங்கம் இருக்கிறது, அதற்குக் காபி குடிக்கும் வழக்கம் இல்லை.

ஃபத்வா டீச்சர் போன மாதம் "அருகருகே இரண்டு நாடுகள்: வாய்ப்பு உண்டா?" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பாபாவின் பேச்சையெல்லாம் கோத்து ஆறு பக்கம் எழுதினேன். முதல் மதிப்பெண் எனக்குத்தான். நேற்று அதை வாங்கி அடுப்பில் போட்டேன். இப்போது எழுதச் சொன்னால் ஒரு வரி போதும்: அவன் பக்கத்திலும் ஒரு தகப்பன் வேலியோரம் உட்காரட்டும், பிறகு பேசலாம்.

ராஜிஹ் பெரியப்பா அடிக்கடி சொல்வாரே, நாற்பது வருஷம் கழித்துப் பழி வாங்கிய ஒருவன் "அவசரப்பட்டுட்டேன்" என்றானாம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நன்றாகச் சாப்பிடு. உம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசாதே. இறைவன் உன் கைக்கு வலு கொடுக்கட்டும்.

உன் தங்கை,
அரீஜ்


கஃபர் சிந்தியான்
நவம்பர் இரண்டாம் வெள்ளி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதிலை நாலு தடவை படித்தேன். நீ இவ்வளவு சீக்கிரம் முடிவெடுப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை. கல்லூரியிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாயா? வரும் வியாழன் அம்மானுக்கு விமானம், அங்கிருந்து எல்லைப் பாலம் வழியாக வீடு. உம்மாவிடம் விடுமுறை என்று சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன். "பரீட்சை நேரத்துல என்னடீ லீவு?" என்று கேட்டாள். ஆனாலும் உன் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டாள். நேற்றிலிருந்து உனக்காகச் சுற்றப்போகும் திராட்சை இலைச் சுருளுக்கு இலை கேட்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

யோதம் எந்தெந்த நாள் நிற்கிறான் என்று கேட்டாய். நான் தினமும் பள்ளி விட்டதும் வேலிக்கு நம் பக்கம் நின்று குறித்து வைக்கிறேன். குறிப்பேடு முக்கால்வாசி நிரம்பிவிட்டது. அவன் எப்போது தனியாகச் சிகரெட் பிடிக்கிறான், எப்போது போனைப் பார்த்துச் சிரிக்கிறான் என்பது வரைக்கும். அவன் சிரிக்கும்போது என் பல் கூசுகிறது.

நேற்று நடந்ததை நீ கேட்டால் சந்தோஷப்படுவாய்.

அவ்னர் மாமா வந்தார். உனக்கு அவரை என்னைவிட நன்றாக நினைவிருக்கும். உனக்குப் பம்பரம் வாங்கிக் கொடுத்தவர், பாபாவோடு சேர்ந்து கோடு அளந்தவர். நான் பிறப்பதற்கு முன் இரண்டு பக்கத்திலிருந்தும் அளவைக்காரர்கள் கூடி, இரண்டு நாட்டுக்கும் நடுவில் எல்லை எங்கே போக வேண்டும் என்று கிராமம் கிராமமாக அளந்தார்களே, அந்த நாள்களில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த நண்பர். அந்த வரைபடம் இன்னும் நம் அலமாரிக்கு மேலே பிளாஸ்டிக் குழாயில் சுருண்டு கிடக்கிறது. எனக்கு அவர் பெருநாளுக்குப் போனில் வரும் குரல் மட்டும்தான். பாபா போனை வைத்துவிட்டுச் சிரிப்பார், "அவ்னர் பேசுற அரபி ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். நல்லா இருக்கியான்னு கேட்டாக்கூட எங்கயோ போர் வந்த மாதிரி இருக்கும்" என்று.

அவர் சும்மா துக்கம் கேட்க வரவில்லை. முறைப்படி வந்தார். நம் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரையும் பக்கத்துத் தோட்டத்து அபூ நிம்ரையும் முன்னால் விட்டு, தலைகுனிந்து கடைசியாக உள்ளே வந்தார். கைத்தடி இல்லாமல் நடக்க முடியவில்லை. உட்கார்ந்ததும் பெரியப்பா காபி கொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். ஐந்து கோப்பை. யாரும் தொடவில்லை.

அபூ நிம்ர், "இவரு உங்க வாசலுக்கு வந்திருக்காரு. என்ன சொல்ல வந்தாரோ அவரு வாயாலயே சொல்லட்டும்" என்றார்.

அவ்னர் மாமா பாபாவை நாஜி என்று பேர் சொல்லியே பேசினார்; அந்த ரேடியோ அரபியை மட்டும் நம் பேச்சாக்கி, சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த மேடு இருக்கே, கதவு நிக்கிற மேடு, அது கோட்டுக்கு உங்க பக்கம்தான் வந்திருக்கணும். பதினோரு நாள் நானும் நாஜியும் அதுக்குச் சண்டை போட்டோம். மேலதிகாரி யாரும் அதைக் கேக்கச் சொல்லல. நான்தான் கேட்டேன். அங்க நின்னா கடல் தெரியும், அதுக்காக. நாஜி கடைசியில, ரெண்டு நாடு வருதுன்னா ஒரு மேடு என்ன பெருசுன்னு விட்டுக்கொடுத்தான். நாடு வரல. சமாதானம் வரல. நான் வளைச்ச கோணல் மட்டும் அப்படியே இருந்துச்சு. பிற்பாடு வேலி போட்டவங்க அதையே புடிச்சுக்கிட்டாங்க. உங்க தோட்டம் அந்தப் பக்கம் போனது அதனாலதான். நாஜிக்கு இது தெரியும். ஒரு தடவைகூட எங்கிட்டச் சொல்லிக் காட்டல."

அவர் தொடர்ந்தார். "சிப்பாய்க்காக நான் வரல. அவனுக்காகப் பேச எனக்கு வாய் இல்ல. எனக்காக வந்திருக்கேன். என் பங்குக்கு மன்னிப்புக் கேக்கறேன்."

பெரியப்பா தாடியைத் தடவினார். பிறகு, "உரியவன் ஊர்ல இல்ல. ஆனா கடைசிவரைக்கும் பக்கத்துல இருந்தது இந்தப் பொண்ணு. அவ சொல்லட்டும்" என்றார். பெரியவர்கள் நாலு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நம் வீட்டில் இப்படி ஒரு பெண்ணைக் கேட்டது கிடையாது.

"ஆறட்டும்" என்றேன். அந்த ஒரு சொல்தான்.

அவர் தலையசைத்தார். எழுந்து போகவில்லை. காபி ஆறும்வரை அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். வண்டல் அடியில் தங்கியது. அசர் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் பெரியவர்கள் எழுந்தார்கள், அவரும் எழுந்தார். வாசலில் என்னைப் பார்த்து, "நீ சரியாத்தான் சொன்னேம்மா. நான் மறுபடியும் வருவேன்" என்றார். ஐந்து கோப்பையையும் மாதுளை மரத்தின் வேரில் கொட்டினேன். பாபா போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். இரண்டு தட்டு.

உம்மாதான் அதைக் கெடுத்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, "இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்ததை நாலு பேரு முன்னாடி சொல்றதுக்கு அந்தக் கிழவனுக்கு எவ்வளவு நெஞ்சுரம்" என்றாள். நான் கழுவியதைத் துடைத்தேன். ஒரு கோப்பை கைதவறி உடைந்தது.

வியாழன் வரை நாள் எண்ணுகிறேன். பத்திரமாக வா. குறிப்பேட்டை என் தலையணைக்குள் தைத்து வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
அரீஜ்


கஃபர் சிந்தியான்
செவ்வாய், மாலை நாலு மணி
(இப்போது இரண்டு பக்கமும் ஒரே மணிதான்)

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதைப் படித்து முடிக்கும்வரை பெட்டியைக் கட்டாதே. கட்டியிருந்தால் அவிழ்.

உம்மா இன்று பாபாவின் கைக்கடிகாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "மூத்தவன் வர்றான்ல, அவன் கையிலதான் இது இருக்கணும். நீயே கட்டி விடு" என்றாள். நான் அதைத் தொடவில்லை. எழுந்து என் அறைக்கு ஓடினேன்.

முதல் கடிதத்தில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவதாகச் சொன்னேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

பழம் பறிக்கும்போது பாபா கடிகாரம் கட்டமாட்டார், பழச்சாறு பட்டுக் கறையாகும் என்று கழற்றி என்னிடம் கொடுப்பார். அன்று காலையும் கொடுத்தார், நான் கட்டிக்கொண்டேன். அது பழைய மணியே காட்டியது. நம் அரசு இரவே மணியை மாற்றிவிட்டதே, பாபா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அண்ணா. நமக்கு எல்லை இல்லை, விமான நிலையம் இல்லை, ஆனால் சொந்தமாக ஒரு மணி இருக்கிறது என்று என் கட்டுரையில்கூட எழுதியிருந்தேன். டீச்சர் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு 'அருமை' என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை நினைத்துக்கொண்டே கடிகாரத்தின் திருகாணியை இழுத்து முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினேன். நம் மண்ணில் நம் மணி. கதவு அவர்கள் மணிக்குத் திறக்கும் என்பது அப்போது நினைவிலேயே இல்லை.

பாபா மறக்கவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் அவர் வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருப்பாராம். அபூ நிம்ர் துக்க வீட்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "வருஷா வருஷம் சொல்வாரு, சுவத்துக் கடிகாரத்துக்கு நம்ம மணி, கைக் கடிகாரத்துக்குக் கதவோட மணின்னு. அப்படிப்பட்டவருக்கு இந்த வருஷம் என்ன ஆச்சோ."

பாபா சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் படுத்தார். "மூணரைக்கு எழுப்பும்மா" என்றார். நான் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அபூ நிம்ர் போகிற வழியில் மேட்டிலிருந்து குரல் கொடுத்தார், "ஏ பொண்ணே, கிளம்பலயா? கதவு உங்கப்பனுக்காகக் காத்திருக்குமா?" என்று. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று. கதவின் மணிக்கு அது நாலு. "இன்னும் நேரம் இருக்கு பெரியவரே, நீங்க உங்க கழுதையோட பொறுமையாப் போங்க!" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். சிப்பாய்களின் வண்டிச் சத்தம் கேட்டுப் பாபா தானாகவே விழித்தார். சூரியனைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கதவருகே உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தார் என்று எழுதினேன். ஏன் பிடித்தார் தெரியுமா? கடிகாரத்துக்காக. என் மணிக்கட்டிலேயே வைத்துத் திருகாணியை இழுத்து, முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, பழையபடி ஆக்கினார். விரல் இரண்டு தடவை வழுக்கியது. பிறகு என்னிடம், "யாரு கேட்டாலும் நான் மறந்துட்டேன்னு சொல்லு. நீ புத்தகம் படிச்சிட்டு இருந்தே, அவ்வளவுதான்" என்றார். ஆம்புலன்ஸ்காரர் வேலிக்கு அப்பாலிருந்து என்ன நடந்தது என்று கேட்டபோதும், "என் தப்புய்யா, மணியை மறந்துட்டேன்" என்று சத்தமாகச் சொன்னார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அது பொய். எனக்காகச் சொன்ன பொய்யை ஊரே நம்பி அவரைக் குறை சொல்கிறது. நான் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவ்னர் மாமா பல வருஷத்துக் கோணலைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நடு வீட்டில் வைத்தார். அவருக்கு முன்னால் நான் "ஆறட்டும்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கோப்பையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

யோதமை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவே மாட்டேன். நீ இருக்கும் ஊரில் ஒரு பெண் கடிகாரத்தைத் தப்பாக வைத்தால் என்ன ஆகும்? பேருந்தைத் தவற விடுவாள், டீச்சர் திட்டுவார்கள். என் ஊரில் அப்பா சாகிறார். அப்படி ஒரு கதவை வைத்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் குறையவில்லை, குறைய விடவும் மாட்டேன். அவன் தட்டிய இரண்டு தட்டும் என் காதிலேயே இருக்கிறது. ஆனால் நீ வந்து அவனை ஏதாவது செய்தால் உன்னைச் சுடுவார்கள், இல்லை சிறையில் போடுவார்கள். வீட்டை இடிப்பார்கள். உம்மா இலைச் சுருளை யாருக்குச் சுற்றுவாள்? பாபா அந்த முள்ளை முன்னால் தள்ளியது ஒரு பிள்ளையைக் காப்பாற்றத்தான். என் கடிதம் இன்னொரு பிள்ளையைக் கொல்லக் கூடாது. இரத்தத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்றால் முதல் கதவு நான்தான். என்னிடம் கேள்.

குறிப்பேட்டைக் காலையில் அடுப்பில் போட்டுவிட்டேன். கட்டுரை எரிந்த அதே அடுப்பு.

இன்று இரவு உம்மாவிடமும் பெரியப்பாவிடமும் சொல்லப்போகிறேன். அவர்கள் என்னை என்ன செய்தாலும் சரி. பாபாவின் பேரைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அவர் அங்குலம்கூடத் தப்பியதில்லை. உரியவன் நீ என்பதால் முதலில் உனக்கு எழுதுகிறேன். அவ்னர் மாமா மறுபடியும் வரும்போது கோப்பையை வைத்துவிட்டு என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கேட்டது அவர் பங்குக்கு மட்டும்தான் என்பது இப்போதுதான் புரிகிறது.

வியாழக்கிழமை விமானத்தில் ஏறாதே, அண்ணா. கல்லூரிக்குத் திரும்பிப் போ. பேரை மறுபடியும் சேர்க்கச் சொல்லி அழு, கெஞ்சு. பழி வேண்டுமென்றால் எடுத்துக்கொள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்து முடித்து, கை நடுங்காத மருத்துவனாக வந்து எடுத்துக்கொள். நாற்பது வருஷம் ஆகட்டும். அப்போதும் அவசரப்பட்டுவிட்டோம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது என் முன்னால் ஒரு கோப்பைக் காபி இருக்கிறது. சர்க்கரை போடவில்லை. நானே போட்டு, நானே விருந்தாளியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரனின் இடத்தில் நீ. இந்த இரண்டு வாரமாக நான் காபி தொடவில்லை, உம்மா இன்னும் கவனிக்கவில்லை.

நீண்ட பதில் வேண்டாம். ஒரு சொல் அனுப்பு. "குடி" என்று எழுது. முடியவில்லை என்றால் "ஆறட்டும்" என்று எழுது, நான் புரிந்துகொள்வேன், மறுபடியும் வருவேன். ஆனால் அந்தப் பதில் ருமேனியாவிலிருந்து வரட்டும்.

இறைவன் உன்னை அங்கேயே வைத்துக் காக்கட்டும்.

உன் தங்கை,
அரீஜ்